ரயில்வே வேலையும் புற்றுநோயும்: அமெரிக்காவில் இழப்பீடு கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை ஊழியருக்கு வேலையால் நோய் வந்தால், மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்தில் மனு கொடுக்கலாம். முதலாளி மேல் தப்பு இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ரயில்வே கம்பெனி ஊழியருக்கு அந்த வாசல் கிடையாது. அவருக்கென்று 1908-இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. ஃபெடரல் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி ஆக்ட் (FELA) என்பது பெயர், சுருக்கமாக ஃபீலா என்பார்கள். இதில் பணம் வேண்டுமானால் கம்பெனி அலட்சியமாக இருந்தது என்று காட்டியாக வேண்டும். காட்டிவிட்டால் சம்பள இழப்பு, மருத்துவச் செலவு, பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம்.

இந்தச் சட்டம் ஒரு இடத்தில் ரொம்பத் தாராளம், மற்ற இடங்களில் கறார். தாராளமான இடத்தை மட்டும் கேள்விப்பட்டு, எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

மூன்று வருடக் கெடு

வழக்குப் போட மூன்று வருடம். புற்றுநோயோ, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியைச் சுவாசித்து இருபது முப்பது வருடம் கழித்துக்கூட வருகிறது. அப்படியானால் மூன்று வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? 1949-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. நீராவி எஞ்சினில் சுமார் முப்பது வருடம் கரி அள்ளிப்போட்ட யூரி என்பவர், சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலின் தூசியால் நுரையீரல் கெட்டு 1940-இல் வேலையை விட்டார். அடுத்த வருடம் வழக்குப் போட்டார். தூசி எப்போதோ உள்ளே போய்விட்டது, கெடு தாண்டிவிட்டது என்றது கம்பெனி. தெரிந்துகொள்ளவே வழியில்லாத நோய்க்குக் கெடு ஓடாது என்றது நீதிமன்றம்.

இதைப் பாதி கேட்டவர்கள், வக்கீல் சொன்ன நாளிலிருந்துதான் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நோயும் அதற்கு வேலை காரணமாக இருக்கலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்த நாள், அல்லது விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள், இதில் எது முந்தியதோ அங்கிருந்து ஓடும். புற்றுநோய் மருத்துவரிடம் முதல் தடவை போகும்போது, "டீசல் எஞ்சின் ஷெட்டில் முப்பது வருடம் இருந்தேன், அதனால் வந்திருக்குமோ?" என்று கேட்பது இயல்பு. மருத்துவர் அதைத் தேதி போட்டுக் குறிப்பில் எழுதிக்கொள்வார். நான்கு வருடம் கழித்து வழக்குப் போட்டால், கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து வைக்கும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். அதற்காக மருத்துவரிடம் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வி மனதில் எழுந்த நாளே கணக்குத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். கீமோ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு இழந்த வழக்குகள் உண்டு. சிகிச்சையில் இருந்தீர்கள் என்பதற்காக மட்டும் கெடு நிற்காது.

எள்ளளவு போதும், ஆனால்

தாராளமான இடம் இதுதான். கம்பெனியின் அலட்சியத்துக்கு நோயில் எள்ளளவு பங்கு இருந்தாலும் போதும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011-இல் அதை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுபடி உறுதிசெய்தது. இதைக் கேட்டவுடன், "புகையில் வேலை செய்தேன், புற்றுநோய் வந்தது, வேறென்ன வேண்டும்?" என்று தோன்றும். அந்த எள்ளளவையும் காட்ட அறிவியல் சாட்சி வேண்டும். நிபுணர் தன் முடிவுக்கு வந்த முறை நம்பத்தக்கதா என்று நீதிபதி முதலில் சலித்துப் பார்ப்பார். அதில் நிபுணர் விழுந்தால், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியின் முகத்தைப் பார்க்காமலே வழக்கு முடிந்துவிடும். என் கணிப்பில், கெடுவுக்கு அடுத்தபடியாக வழக்குகள் சாகும் இடம் இதுதான்.

நிபுணர் இரண்டு படி ஏற வேண்டும். இந்தப் பொருள் இந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதா? சரி, இந்த மனிதருக்கு உண்டாக்கியதா? டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்தது. அதற்கான முதன்மைச் சான்று நுரையீரல் புற்றுநோய்க்கு. பென்சீன் என்றால் ரத்தப் புற்றுநோய், கல்நார் என்றால் மீசோதெலியோமாவும் (பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோய்) நுரையீரல் புற்றுநோயும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் உண்டு. ஸ்லீப்பர் கட்டைக்குப் பூசும் கிரியோசோட் இன்னும் அந்த முகமையின் அடுத்த வகுப்பில், "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற வகையில்தான் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு டீசல் ஆய்வுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனால் பெரிதாகப் பலன் இருக்காது.

பொருத்தமான ஆய்வு கையில் இருந்தாலும் எதிர்த்தரப்பும் அதைப் படித்திருக்கும். சுமார் 55,000 ரயில்வே ஊழியர்களை 1959 முதல் 1996 வரை தொடர்ந்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. டீசல் புகை படும் வேலைகளில் இருந்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 40 சதவீதம் அதிகம் என்றது. கூடவே, வேலை செய்த வருடங்கள் கூடக் கூட ஆபத்து கூடவில்லை என்றும் சொன்னது. முதல் வரியை நீங்கள் படிப்பீர்கள், இரண்டாவது வரியை அவர்கள் படிப்பார்கள். இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிற நிபுணரா என்று பாருங்கள்.

"புகையாகத்தான் இருந்தது" போதாது

நிபுணருக்குத் தீனி உங்கள் ஞாபகம்தான். ரயில் எஞ்சின்களின் குளிர்விக்கும் தண்ணீரில் வழக்கமாக உறைதடுப்பு சேர்ப்பதில்லை. அதனால் கடுங்குளிரில் அணைக்காமல் இரவு முழுக்க ஓடவிடுவார்கள். வெளியே பனி, ஷெட்டின் கதவு சாத்தியிருக்கும், உள்ளே மூன்று எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கூரை விசிறி வேலை செய்ததா? எத்தனை மாதம் அப்படி? வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கரியாக வந்ததா? மேஸ்திரியிடம் புகார் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார்? முகமூடி கொடுத்தார்களா, காகித முகமூடியா? தண்டவாளத்தில் வேலை என்றால், ஜல்லி கொட்டும்போதும் இயந்திரத்தால் இடிக்கும்போதும் எழுந்த தூசியை அடக்கத் தண்ணீர் தெளித்தார்களா? புகார் செய்தும் கம்பெனி சும்மா இருந்தது என்றால், அலட்சியத்துக்கான சாட்சியும் அதுவே. பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களின் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

எந்தக் கம்பெனியில் எந்த மாதங்கள் இருந்தீர்கள் என்ற பதிவு ரயில்வே ஓய்வூதிய வாரியத்தில் கிடைக்கும். அதை வாங்கிவிடுங்கள், ஏனென்றால் கம்பெனிகள் பெயர் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. 1970-இல் திவாலான பென் சென்ட்ரல் 1976-இல் கான்ரெயிலுக்குள் போனது; 1999-இல் கான்ரெயிலின் பெரும்பகுதியை சிஎஸ்எக்ஸும் நார்ஃபோக் சதர்னும் பிரித்துக்கொண்டன. ஒரே ஷெட்டில் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று முதலாளிகள் இருந்திருக்கலாம். தப்பான பெயரில் வழக்குப் போட்டுத் திருத்துவதற்குள் கெடு கழிந்துவிடும்.

சிகரெட்டை மறைப்பது வீண் வேலை. புகைத்ததற்காக வழக்கு விழாது. உங்கள் பங்கு எத்தனை சதவீதமோ அது கழியும், அவ்வளவுதான். எஞ்சின் பாதுகாப்புச் சட்டத்தைக் கம்பெனி மீறியதால் நோய் வந்தது என்று காட்டினால், அந்தக் கழிவும் கிடையாது. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு, மருத்துவக் குறிப்பில் "தினம் ஒரு பாக்கெட்" என்று வந்து நின்றால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் ஜூரி நம்பாது.

இழப்பீட்டு விவகாரங்களைக் கவனிக்கும் கம்பெனியின் கிளெய்ம் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து அன்பாகப் பேசுவார், நீங்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்பார். அவர் சம்பளம் வாங்குவது கம்பெனியிடம்.

முன்பே எழுதிக்கொடுத்த பத்திரம்

பலரும் மறந்தே போயிருப்பது இது. காது மந்தத்துக்கோ முதுகு வலிக்கோ எப்போதோ கொஞ்சம் பணம் வாங்கியிருப்பார்கள். அல்லது ஆட்குறைப்பில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு வெளியேறியிருப்பார்கள். இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அன்று கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரத்தின் பொடி எழுத்தில் தூசி, புகை, கல்நார், புற்றுநோய் எல்லாம் இருக்கும். அதோடு கதை முடிந்தது என்று விட்டுவிடுவதும் தவறு, பத்திரத்தை வக்கீலிடம் சொல்லாமல் விடுவதும் தவறு. பொறுப்பிலிருந்து கம்பெனி தப்பிக்கச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று ஃபீலாவின் ஐந்தாவது பிரிவே சொல்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதில் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. அன்று ஏற்கெனவே தெரிந்திருந்த பாதிப்புக்கு மட்டும்தான் எழுதிக்கொடுக்க முடியும் என்று ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் சொன்னது. இரு தரப்புக்கும் தெரிந்த ஆபத்தாக இருந்தால் பின்னால் வரும் நோய்க்கும் எழுதிக்கொடுக்கலாம் என்று மூன்றாம் வட்டாரம் 1998-இல் சொன்னது. ஆகவே எந்த ஊரில் வழக்கு என்பது இங்கே காசு பெறும் கேள்வி. ஊர் தேர்வுக்கும் எல்லை உண்டு: மொன்டானாவில் தொடுத்த இரண்டு வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2017-இல் அங்கே நடத்த முடியாது என்றது, 2023-இல் பென்சில்வேனியாவில் தொடுத்த ஒரு புற்றுநோய் வழக்கில் கம்பெனியின் ஆட்சேபத்தைத் தள்ளியது.

தவறான ஆளைத் துரத்துவதும் நடக்கிறது. எஞ்சினையும் பிரேக் கட்டையையும் செய்த கம்பெனி மேல் மாநிலச் சட்டப்படி போகும் வழியை 2012-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. திவாலான கல்நார்க் கம்பெனிகள் சார்பில் இழப்பீடு தரும் அறக்கட்டளைகளிடம் மனு போடலாம். அங்கே சொல்வதும் ஃபீலா வழக்கில் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

நோய் வரவில்லை, பயம் மட்டும் இருக்கிறது என்றால் 1997-இலேயே கதவு சாத்தியாகிவிட்டது. கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோயான ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்து, கூடவே புற்றுநோய் பயமும் இருந்தால் கேட்கலாம் என்றது 2003-இன் தீர்ப்பு.

குடும்பத்துக்கு ஒன்று. ஊழியர் இறந்ததும் புதிதாக மூன்று வருடம் கிடைக்கும் என்று நம்பிச் சும்மா இருப்பார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய கெடு முடிந்திருந்தால், மனைவி மக்களின் உரிமையும் அதோடு போயிற்று, 1931-இலேயே தீர்ப்பாகிவிட்டது. கெடு மிச்சம் இருந்தாலும், மனைவி என்ற முறையில் நேராக வழக்குப் போட முடியாது. இறந்தவரின் சட்டப் பிரதிநிதியாக நீதிமன்றம் யாரை நியமிக்கிறதோ அவர்தான் போட முடியும். அந்த நியமனத்துக்கு அலைய நாளாகும். அதுவரை கெடு காத்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.