உடன் நடித்த நண்பர் மறைந்த பிறகு மீண்டும் நடிக்கச் செல்வோருக்கு

பல ஆண்டுகள் ஒருவருடன் சேர்ந்து நடித்தவருக்கு அவருடைய வசனத்தைக் காட்டிலும் அவருடைய மூச்சு நன்றாகத் தெரிந்திருக்கும். என் நண்பர் பதில் சொல்வதற்கு முன் அரை மூச்சு இழுப்பார். பார்வையாளர்களுக்கு அது கேட்காது, எனக்குக் கேட்கும். அந்த அரை மூச்சில்தான் நான் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வேன். அவர் இறந்து ஐந்தாவது வாரத்தில் அதே நாடகத்தின் ஒத்திகை நடந்தபோது, அவருடைய வேடத்தை ஏற்றிருந்த இளைஞர் வசனத்தைச் சரியாகத்தான் சொன்னார், நான் எழவில்லை. மறந்துவிட்டேன் என்று எண்ணி உதவி இயக்குநர் அடியெடுத்துக் கொடுத்தார். மறந்திருக்கவில்லை. வராத மூச்சுக்காக உடம்பு காத்துக்கொண்டிருந்தது.

நண்பரை இழந்த எவருக்கும் உள்ள துயரத்தோடு நடிகருக்கு வேறு சில சிக்கல்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நண்பர் இல்லாத வெறுமை மிக அதிகமாகத் தெரியும் இடத்திலேயே அவர் வேலை செய்தாக வேண்டும். அழுவதும் அவருடைய தொழிலில் ஒரு பகுதி என்பதால், தன் கண்ணீரையே அவர் சந்தேகிக்க நேர்கிறது. போதாததற்கு, அவர் எப்படித் துக்கப்படுகிறார் என்று பார்க்க ஊரே காத்திருக்கிறது. இந்த மூன்றையும் எப்படிச் சமாளிக்கலாம் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதல் சில நாள்கள்

செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும். அதை உடனே நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். யாருடைய அழைப்பை உங்களிடம் தர வேண்டும் என்று நான்கைந்து பெயர்களை மட்டும் சொல்லி வையுங்கள். அன்றே பேட்டி கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் இரண்டு வரியில் ஓர் அறிக்கை போதும். அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28 அன்று இறந்தபோது, பத்து ஆண்டுகள் அவரோடு ‘ஃபிரண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்த ஐவரும் சேர்ந்து ஓரிரு நாள்களில் மிகச் சுருக்கமான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். இந்த இழப்பை உள்வாங்கத் தங்களுக்குச் சற்று அவகாசம் வேண்டும், பேச முடிகிறபோது பேசுகிறோம் என்பதே அதன் சாரம். தனித்தனியாக அவர்கள் எழுதியது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான். கூட்டாக ஒரே அறிக்கை என்பது நல்ல வழி, ஏனென்றால் யார் முதலில் எழுதினார், யார் எழுதவில்லை என்ற கணக்கெடுப்பு அதோடு நின்றுவிடும்.

இறப்பின் காரணம், கடைசி நாள்களின் விவரம், உங்களுக்கு வந்த கடைசிக் குறுஞ்செய்தி ஆகியவற்றைக் குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. திரையில் தம்பதியாக நடித்தவர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம் உண்டு: உண்மையான துணைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே ரசிகர்கள் திரைத் துணையிடம் வந்து துக்கம் விசாரிப்பார்கள். அப்படி வருபவரைக் குடும்பத்தாரிடம் அழைத்துச் சென்று விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்வது மேல்.

அதற்காக உங்கள் துக்கம் இரண்டாந்தரமானது என்று நீங்களே எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. உறவுமுறையில் பெயர் இல்லாத இழப்புகளுக்குச் சமூகம் உரிய இடம் தருவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு கருத்தாக்கமாகவே முன்வைத்தார். ஒப்பந்தங்களும் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் இறந்தால்தான் விடுப்பு என்கின்றன. ஆகவே தயாரிப்பாளர் தாமாகப் புரிந்துகொள்வார் என்று காத்திராமல், எத்தனை நாள் வேண்டும் என்பதை எண்ணாகவே சொல்லிக் கேளுங்கள். ‘கொஞ்ச நாள்’ என்று கேட்டால் மறுநாளே அழைப்பு வரும்.

தன் கண்ணீரைத் தானே சந்தேகிப்பது

இதைப் பற்றி நடிகர்கள் வெளியே பேசுவதில்லை. எனக்குத் தெரிந்த பலருக்கு நேர்ந்திருக்கிறது. நண்பரின் உடலருகே நின்று அழுதுகொண்டிருந்தபோது, புறங்கையால் மூக்கின் ஓரத்தைத் துடைத்தேன். துடைத்த கணத்திலேயே தெரிந்துவிட்டது: அது என்னுடைய பழக்கம் கிடையாது, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை வேடத்துக்காக நான் கண்டுபிடித்து, நூறு முறைக்கு மேல் மேடையில் செய்த அசைவு. நான் இங்கேயும் நடிக்கிறேனா என்று எழுந்த கூச்சத்தில் அழுகை அப்படியே நின்றுபோனது. அன்றிரவு தூங்கவில்லை.

பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தச்சர் துயரத்தில் இருக்கும்போதும் அவருடைய கை மரத்தின் வரியைத் தடவிப் பார்க்கும். அழுகிற உடம்பு தனக்குப் பழகிய வழியில்தான் அழுகிறது, நடிகரின் உடம்புக்கோ அப்படிப் பழகிய வழிகள் நூறு இருக்கின்றன. உள்ளிருந்து கவனித்துக்கொண்டே இருக்கும் அந்த இன்னொருவரைத் துரத்த முயலாதீர்கள். முயன்றால் கவனம் முழுவதும் அவர் மேல் போய்விடும். அதேபோல, கண்ணீரே வராமல் போனாலும் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். பிறர் பார்க்காத இடத்தில், கண்ணாடி இல்லாத அறையில், கொஞ்ச நேரம் தனியாக இருக்கும் வாய்ப்பை ஒவ்வொரு நாளும் ஏற்படுத்திக்கொள்வது இதற்கு நான் கண்ட ஒரே வழி.

பாதியில் நிற்கும் வேலை

திரும்பச் செல்வதற்கு முன் இயக்குநருடன் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். மீதமுள்ள காட்சிகள் எவை, நண்பரின் பாத்திரம் கதையிலிருந்து எப்படி விலகப் போகிறது, வேறொருவர் அந்த வேடத்தை ஏற்கிறாரா, அவருடைய முகத்தையோ குரலையோ கணினியில் உருவாக்கப் போகிறார்களா, அதற்குக் குடும்பத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு முதன்முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று விபத்தில் இறந்தபோது அவர் நடித்துக்கொண்டிருந்த படத்தின் வேலை நிறுத்தப்பட்டது. பிறகு அவருடைய சகோதரர்கள் இருவரை உருவத்துக்கு நிறுத்தி, கணினி வரைகலையின் துணையோடு முடித்து, 2015இல் வெளியிட்டார்கள். நண்பரைப் போன்ற தோள்களும் நடையும் கொண்ட ஒருவரை எதிரே வைத்துக்கொண்டு நடிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை நடிகர்கள் எண்ணிப் பார்த்தால் போதும். நடிகர் ஹீத் லெட்ஜர் 2008 ஜனவரியில் மறைந்தபோது, அவர் பாதியில் விட்ட வேடத்தை ஜானி டெப், காலின் ஃபேரல், ஜூட் லா ஆகிய மூவர் பகிர்ந்துகொண்டார்கள்.

நான் மிகவும் மதிக்கும் முன்மாதிரி ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியிலிருந்து வருகிறது. செசமி ஸ்ட்ரீட் தொடரில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறொருவரை அந்த வேடத்தில் நடிக்க வைக்கவோ, ஹூப்பர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லவோ தயாரிப்புக் குழு விரும்பவில்லை. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்பதைக் குழந்தைகளிடம் நேராகவே சொல்வதென்று முடிவெடுத்தார்கள். அந்தப் பகுதி 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பானது. அதில் பிக் பேர்ட் என்னும் பெரிய மஞ்சள் பறவை தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஹூப்பருக்கான படத்தை அவர் வந்ததும் தருவேன் என்கிறது. சுற்றி நின்று அதற்கு உண்மையைச் சொல்லும் நடிகர்கள் எல்லாரும் வில் லீயோடு வேலை செய்தவர்கள். அந்தப் பறவையின் உடைக்குள் இருந்த கரோல் ஸ்பின்னிதான் அந்தப் படங்களையும் தம் கையால் வரைந்தவர். வில் லீயின் மறைவுக்கும் ஒளிபரப்புக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு சென்றிருந்தது என்பதைக் கவனியுங்கள். இழப்பையே காட்சியாக்க வேண்டும் என்று கேட்கப்பட்டால், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது கால அவகாசம்.

படப்பிடிப்பைக் காட்டிலும் டப்பிங் கடினம் என்று எச்சரிக்க விரும்புகிறேன். இருட்டறையில், காதில் ஹெட்போனோடு, நண்பர் உங்களைப் பார்த்து அதே வரியை எட்டு முறை, பத்து முறை திரும்பத் திரும்பச் சொல்வார். இடைவேளை கேட்டு வெளியே வந்தால், ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. முந்தின நாளே, ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் காட்சிகளை முழுமையாக ஒரு முறை பார்த்துவிடுங்கள். மைக் முன் நிற்கும்போது அது முதல் முறையாக இருக்கக் கூடாது. உதட்டசைவுக்குத் தேவைப்படாத இடங்களில் நண்பரின் குரலை அணைத்துவிடும்படி கேட்கலாம், அது எளிதாகச் செய்யக் கூடியதுதான். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளை நாளின் தொடக்கத்திலும் வைக்காதீர்கள், கடைசியிலும் வைக்காதீர்கள். கடைசியில் வைத்தால் அதே குரலோடு வீட்டுக்குப் போவீர்கள்.

துயரத்தை வேடத்துக்குப் பயன்படுத்தலாமா

சோகக் காட்சி வரும்போது யாராவது ஒருவர் ‘அவரை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார், மறுத்துவிடுங்கள். சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியை வரவழைக்கும் முறை ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி காலத்திலிருந்து பேசப்படுவது. அதை அமெரிக்காவில் தீவிரமாகக் கற்பித்த லீ ஸ்ட்ராஸ்பெர்க்கே, அப்படி எடுத்தாளும் நிகழ்வு குறைந்தது ஏழு ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். பச்சைப் புண்ணிலிருந்து எடுக்கும் உணர்ச்சி உங்கள் கட்டுப்பாட்டில் நிற்காது. ஒரு டேக்கில் அருவியாக வரும், அடுத்த டேக்கில் கல்லாக இருக்கும். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு: சில மாதங்கள் கழித்து நண்பரை நினைக்கும்போது அவருடைய முகத்துக்கு முன்னால் கேமராவின் முகம் வந்து நிற்கும். ‘அது இப்போது எனக்கு உதவாது, பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன்’ என்ற பதில் எந்த இயக்குநருக்கும் போதுமானது.

அழைக்காமலே துயரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். காட்சியை நிறுத்த ஒரு சைகையை உதவி இயக்குநரோடு பேசி வையுங்கள். வலது காதைத் தொடுவது போன்ற சின்ன சைகையாக இருக்கட்டும். நிறுத்த முடியாத மேடையில் கவனத்தைக் கையிலுள்ள பொருளின் எடைக்கும், காலடியில் உள்ள தரைக்கும், எதிரே இருப்பவரிடமிருந்து உங்கள் பாத்திரம் அந்தக் கணத்தில் எதைப் பெற முயல்கிறது என்ற கேள்விக்கும் கொண்டுவாருங்கள். முடிந்ததும் உடையை மாற்றி, ஒப்பனையை முழுவதும் கலைத்து, முகம் கழுவிய பிறகே யாரிடமும் பேசுங்கள்.

அந்த வேடத்துக்கு வரும் புதியவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய நிலை உங்களுடையதைவிட எளிதென்று நினைக்காதீர்கள். எல்லாரும் அவரிடத்தில் இன்னொருவரைத் தேடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பழைய அசைவுகளை அப்படியே அவருக்குச் சொல்லிக் கொடுக்காமல், இருவரும் சேர்ந்து காட்சியை முதலிலிருந்து அமையுங்கள். நாங்கள் நாற்காலியை மேடையின் மறுபுறத்துக்கு மாற்றினோம். பாதிச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

நாள்பட

துயரம் ஐந்து படிகளாக வரும் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது இறக்கப்போகும் நோயாளிகளோடு பேசியதை வைத்து. நண்பரை இழந்தவர் ஏற வேண்டிய படிக்கட்டாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். துயரத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் விளக்கியது என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது: துக்கத்தில் இருப்பவர் இழப்பை எதிர்கொள்வதற்கும் அன்றாட வேலைகளில் ஈடுபடுவதற்கும் இடையே ஊசலாடுகிறார், அந்த ஊசலாட்டமே இயல்பானது. ஆகவே ஒத்திகையில் இரண்டு மணி நேரம் நண்பரை மறந்திருந்தீர்கள் என்றால் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பேட்டிகளில் அவரைப் பற்றிய கேள்வி பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும். சொல்லச் சொல்லத் தேய்ந்துபோகாத ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து அதை எல்லோருக்கும் சொல்லுங்கள். மிகவும் பிடித்த வேறொன்றை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு, நீடித்த துயரத்தை ஒரு நோய்நிலையாக 2022இல் சேர்த்துக்கொண்டது. பெரியவர்களுக்கு அது குறைந்தது 12 மாதங்களைக் கணக்கிடுகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடோ 6 மாதங்களை. இந்தக் கணக்குகள் மருத்துவருக்கானவை. குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, மேடையேறும் நினைப்பே உடம்பை நடுங்க வைக்கிறது என்றாலோ எந்த மாதக் கணக்கும் பார்க்காமல் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். நண்பர் தற்கொலை செய்துகொண்டிருந்தாலும், வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கே எட்டிப் பார்த்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்.

சேர்ந்து நடித்ததைத் திரும்பப் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசி 1967இல் தம் கடைசிப் படத்தை முடித்த சில வாரங்களில் இறந்தார். அதில் அவரோடு நடித்த கேத்தரின் ஹெப்பர்ன் அந்தப் படத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் நாடகத்தின் ஒளிப்பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஒரு முறை கேட்டேன். அந்த அரை மூச்சு பதிவாகியிருக்கவில்லை. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.