கோயில் கொடைவிழா மேடையில் 20 நிமிடம்: பேச்சுத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"அண்ணாச்சி, யாரைப் பிடிச்சா மேடை கிடைக்கும்?" பேச ஆசைப்படும் தம்பி தங்கைகள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். ஆளைப் பிடிப்பது கடைசி வேலை.

முதலில் ஒரே ஒரு பேச்சைத் தயார் செய்யுங்கள், 20 நிமிடத்துக்கு. பத்துத் தலைப்பை அரைகுறையாக வைத்திருப்பவரை விழாக் கமிட்டி மறுவருஷம் கூப்பிடாது. விஷயத்தை நம்ம ஊரிலிருந்தே எடுக்கலாம். 1908 இருக்கிறதே! வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், மார்ச் 13 அன்று திருநெல்வேலியே கொந்தளித்தது. இதை "1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த" என்று ஆரம்பித்தால் கூட்டம் சுக்குக்காப்பிக்கு எழுந்துவிடும். நான் இப்படி ஆரம்பிப்பேன்:

"பேசினதுக்கு 20 வருஷம். பேசின இன்னொருத்தருக்குத் துணை நின்னதுக்கு மேற்கொண்டு 20 வருஷம்."

சொல்லிவிட்டு நிறுத்துவேன். யாருக்கு என்று கூட்டமே யோசிக்கும். அதற்குப் பிறகுதான் வ.உ.சி. பெயர். அந்தத் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் முன்வரிசையில் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவராவது இருப்பார், விடமாட்டார்.

அடுத்து, மனப்பாடம் வேண்டாம். முதல் நாலு வரியும் கடைசி நாலு வரியும் மட்டும் நெட்டுருவாக இருந்தால் போதும். மொட்டை மாடியில் நின்று சத்தமாகப் பேசி, போனில் பதிந்து கேளுங்கள். "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. எனக்கு இறங்கவில்லை.

இனி மைக். புதியவர்கள் கவிழ்வது இங்கேதான். கொடைக்குத் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயிலிருந்து உங்கள் சொல் அரை விநாடி தாமதமாக உங்கள் காதுக்கே திரும்பி வரும். அதைக் கேட்டுத் தடுமாறி வேகம் பிடித்தால் சொல்லோடு சொல் மோதி ஒன்றும் விளங்காது. வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், முடிவில் ஒரு மூச்சு விடுங்கள். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும் இடைவெளிதான் கணக்கு. முன்கூட்டியே போய் சவுண்டு சர்வீஸ்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிடுங்கள். என் முதல் மேடையில் அவர்தான் காதோடு சொன்னார்: "தம்பி, மைக்க விழுங்கிராதீய. நாலு வெரல் தள்ளி நில்லுங்க."

இப்போது ஆள் பிடிக்கலாம். சித்திரை, ஆடிக் கொடைகள், புரட்டாசி நவராத்திரி, பள்ளி ஆண்டு விழாக்கள். கமிட்டி நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். அடித்தபின் மேடையில் இடம் இருக்காது. மூன்று நிமிட வீடியோ ஒன்றை வாட்ஸப்பில் அனுப்புங்கள், முழுப் பேச்சையும் அனுப்பாதீர்கள்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். ஒரு ஊரில் பொன்னாடை போர்த்தி, தேங்காய் பழத்தோடு அனுப்பிவிட்டார்கள். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் கொசு அடித்தேன். இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: "வந்திருதேன் அண்ணாச்சி. போக வர வண்டிக்கு மட்டும் இப்பவே போட்டு விட்டிருங்க. மத்தத மேடைய விட்டு எறங்கினதும் வாங்கிக்கிடுதேன்."