வெள்ளியங்கிரி ஏறும்போது கால் கொப்பளிக்க நாமளே பண்ற தப்பு

கோயம்புத்தூர் பக்கம் ஏழு மலை ஏறிப் போற வெள்ளியங்கிரிக்குப் போய்ட்டு வந்தவங்க எல்லாரும் முட்டி வலியப் பத்திதான் பேசுவாங்க, என் கதை வேற. முதல் தடவை போனப்ப ஷூ வாங்கி மூணே நாள்தான் ஆச்சு, அதையே மாட்டிட்டு ஏறுனேன், நாலாவது மலையிலயே குதிகால் எரிய ஆரம்பிச்சிருச்சு, கூட வந்த பசங்க முன்னாடி போய்ட்டானுங்க, நின்னு ஷூவக் கழட்டக் கூச்சமா இருந்துச்சுன்னு அப்படியே நடந்தேன், கீழ வந்து சாக்ஸ உருவுனா தோலும் கூடவே வருது.

புது ஷூ தப்புதான், அத ரெண்டு மூணு வாரம் தெருவுல போட்டு நடந்து பழக்கியிருக்கணும். ஆனா அதவிடப் பெரிய தப்பு எரியும்போது நிக்காம போனது. மேல்தோல் சாக்ஸோட ஒட்டிக்கிது, உள்ள எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்ன பின்ன நகருது, நடுவுல தோல் இழுபட்டு விட்டுப்போய் அந்த இடத்துல நீர் கோத்துக்கும். அந்த முதல் எரிச்சல்லயே உக்காந்து காலத் தொடச்சு, மெடிக்கல்ல கிடைக்கிற மைக்ரோபோர் டேப்ப சுருக்கமில்லாம ஒட்டுனா பெரும்பாலும் தப்பிச்சிரலாம். ஏறுறதுக்கு முன்னாடியே ஒட்டிக்கிட்டா இன்னும் நல்லது.

அடுத்த தப்பு ஈரம். ஆறாவது மலையில ஆண்டி சுனையில குளிச்சிட்டு ஈரக் காலோட அதே சாக்ஸ மாட்டுறோம் பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறோம். ஊறுன தோல் வழுக்கும்னு நினைப்போம், அதுதான் நல்லா ஒட்டும். காட்டன் சாக்ஸ் வேர்வையக் குடிச்சிட்டு காயவே காயாது, சிந்தெடிக்கோ கம்பளியோ போடுங்க, இன்னொரு ஜோடி பையில இருக்கட்டும். வாசலின் தடவுனா முதல் ஒரு மணி நேரம் சுகமா இருக்கும், நேரம் போகப் போக உரசல் முன்னவிட ஜாஸ்தியாயிரும்.

இறங்கும்போது லேஸ கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டணும், இல்லன்னா விரல் முன்னாடி போய் முட்டிக்கிட்டே இருக்கும். வெறுங்கால்ல போறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிருங்க, பாறைச் சூட்டுல வர்றது தீக்காயம், அது வேற வலி.

சரி, கொப்புளம் வந்துருச்சு. சின்னதா இருந்து வலிக்கலன்னா உடைக்காதீங்க, ரத்தம் கட்டியிருந்தாலும் தொடாதீங்க. பெருசா, காலே ஊன முடியலன்னா மட்டும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, ஸ்பிரிட்ல தொடச்ச ஊசியால ஓரத்துல, அடிப்பக்கமா ரெண்டு மூணு ஓட்டை போட்டு நீர வெளிய விடணும். தோல மட்டும் பிச்சுறாதீங்க, அதவிட நல்ல பேண்டேஜ் எந்தக் கடையிலயும் கிடைக்காது. டூத்பேஸ்ட், காபித்தூள்லாம் வேணாம், களிம்பு போட்டு ஒட்டாத துணி வச்சுக் கட்டுனா போதும்.

சீழ் வச்சாலோ, சுத்தி சிவப்பு பரவுனாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட போய்ருங்க. சுகர் இருக்கவங்க ஊசிய எடுக்கவே கூடாது, எவ்ளோ சின்னக் கொப்புளமா இருந்தாலும் நேரா டாக்டர்கிட்டதான்.