முட்டி வலி அப்பத்தாவை நடக்க வைப்பது எப்படி? முதல் முறை பேசப் போகிறவர்களுக்கு

வீட்டுப் பெரியவர்களிடமோ, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும்போதோ "கொஞ்சம் நடங்க" என்று சொல்லியிருப்பீர்கள். "சரி தாயி" என்று தலையாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். சொல்வதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டினால்தான் வேலை நடக்கும்.

படி 1: பேசும் முன்

நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, கடந்த ஒரு வருடத்தில் விழுந்தார்களா என்று கேளுங்கள். எதற்காவது ஆமாம் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், பிறகுதான் மற்றது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக்கூடாது. சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாக மடித்து இடுப்பில் வைத்திருக்கட்டும். அவசரத்துக்குக் கடலை மிட்டாய் உதவாது. கடலையிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

படி 2: காரணம் அவர்கள் வாயிலிருந்து வரட்டும்

"கால் நல்லா இருந்தா எங்க போவீங்க அப்பத்தா?" என்று தொடங்குங்கள். "எதிர்சேவை பார்க்க மூன்றுமாவடிக்குப் போவேன்" என்றால் (மதுரை சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கள்ளழகரை அங்கே எதிர்கொண்டு வரவேற்பார்கள்) அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுகர் குறையும் என்று நீங்கள் சொல்லும் காரணத்தைவிட அதுதான் நன்றாக வேலை செய்யும்.

அடுத்து தடை வரும். "நடந்தா முட்டி தேஞ்சு போயிரும் தாயி." புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். "அதெல்லாம் தேயாது" என்று மறுத்தால் இன்னும் அஞ்சு காரணம் வரும். இப்படிப் போங்கள்:

"வலி கூடிருமோன்னு பயமா இருக்கு, அப்படித்தானே?"
"ஆமா. ராத்திரி தூங்க முடியல."
"இதுல எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லவா?"
"சொல்லு."
"தொடைச் சதை வலுவிழந்தா பாரமெல்லாம் முட்டியிலதான் இறங்கும். சதையை வலுவாக்கினா வலி குறையும். கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?"

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது வெறும் அறிவுரை.

படி 3: அளவு

65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் சதை வலுப்பயிற்சி, குறைந்தது 3 நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. இதை முதல் நாளே சொன்னால் மிரண்டுவிடுவார்கள். தொடக்கத்துக்கு இது போதும்:

- காலை, மாலை 5 நிமிட நடை. வாரத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டலாம். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.
- நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருவது. பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.
- ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் 10 விநாடி.

லேசான வலி மறுநாளுக்குள் அடங்கினால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ, மறுநாள் காலை வலி கூடியிருந்தாலோ அளவைப் பாதியாக்குங்கள். வயலில் களையெடுக்கப் போகிறவர் ஏற்கெனவே உழைக்கிறார், அவருக்கு நடைப்பயிற்சி சொல்வது வீண். மூன்றாவதாகச் சொன்ன ஒற்றைக் கால் பயிற்சிதான் வேண்டும்.

படி 4: புளியங்கொட்டை

"இந்த வாரம் செஞ்சிருவோம்னு எவ்வளவு நம்பிக்கை?" என்று கேட்டு 10 புளியங்கொட்டை கொடுங்கள். நம்பிக்கைக்குத் தக்கபடி எடுத்து வைக்கட்டும். 5 வைத்தால், "ஏன் 2 வைக்கல?" என்று கேளுங்கள். "கடை வரைக்கும் போயிட்டுத்தானே வர்றேன்" என்று தன் பலத்தைத் தானே சொல்வார். 7க்குக் கீழே இருந்தால் திட்டம் பெரிசு என்று அர்த்தம்; குறையுங்கள்.

எப்போது, எங்கே என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மதுரை வெயிலுக்குக் காலை 8 மணிக்கு முன், இல்லாவிட்டால் மாலை 5க்குப் பின். தெப்பக்குளத்தைச் சுற்றலாம், ரேஸ்கோர்ஸ் மைதானம் போகலாம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் இருக்கும் ஆடி வீதியும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே செருப்புப் போட முடியாது. சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குக் கல் சுட்டாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும்.

வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. "நீங்க சும்மா இருங்கம்மா" என்று எல்லா வேலையையும் பிடுங்காதீர்கள்.

படி 5: மறுவாரம்

"ஏன் நடக்கல?" என்றால் பொய்தான் வரும். "எந்தெந்த நாள் முடிஞ்சது?" என்று கேட்டு மாதக் காலண்டரில் டிக் போடச் சொல்லுங்கள். காய்ச்சலோ விசேஷமோ வந்து விட்டுப்போனால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கட்டும்.