கட்டணமில்லா அறிவியல் வாய்ப்புகள்: கடலூர், புதுவைப் பெற்றோர் செய்ய வேண்டியவை

கடலூரும் புதுச்சேரியும் அருகருகே இருந்தாலும் பள்ளிகள் இரு வேறு அரசுகளின் கீழ் இயங்குவதால், சில வாய்ப்புகளைப் பள்ளி இருக்கும் இடமே முடிவு செய்கிறது. எளிய பொருள்களைக் கொண்டு வகுப்பறையிலேயே சோதனைகள் செய்துகாட்டும் வானவில் மன்றம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிப்போருக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. கடலூர் அரசுப் பள்ளி மாணவர் அதைப் பெறுவார். முள்ளோடையைத் தாண்டிப் பாகூரில் படிப்பவருக்கு அது கிடையாது. மத்திய அரசின் திட்டங்களுக்கு இந்த எல்லை இல்லை என்பதால் அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் கவனிக்க வேண்டியது, பள்ளி மாணவரின் புதுமையான யோசனைகளுக்கு மத்திய அரசு வழங்கும் இன்ஸ்பயர் மானக் விருது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்போர் தங்கள் சொந்த யோசனையை அனுப்பலாம். தேர்வானால், மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். ஆனால் மாணவர் தாமாக விண்ணப்பிக்க இயலாது. பள்ளிதான் இணையதளத்தில் பதிவு செய்து பரிந்துரைக்க வேண்டும். ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன், பள்ளியின் பதிவு நடப்பில் உள்ளதா என்று தலைமை ஆசிரியரிடமோ அறிவியல் ஆசிரியரிடமோ கேட்டறியுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் அதையும் அப்போதே தொடங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் இணையத்தில் தேடியெடுத்த தானியங்கித் தெருவிளக்கை அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. புதுமையைத் தேடும் திட்டத்தில் அது எடுபடாது. பண்ருட்டித் தோப்புகளில் கொட்டையை எடுத்தபின் வீணாகும் முந்திரிப் பழம், காயும் கருவாட்டின் மீது திடீரெனப் பெய்யும் மழை, கடலோரக் கிணறுகளில் உப்பேறும் நீர் என்று பிள்ளை கண்ணால் பார்க்கும் சிக்கல்களே வலுவானவை. சிக்கல் யாருக்கு, இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், புதிய வழி எதில் வேறுபடுகிறது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, கையால் வரைந்த படத்தையும் சேர்த்தால் போதும். தமிழிலேயே எழுதலாம்.

9ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2019இல் இஸ்ரோ தொடங்கிய யுவிகா, கோடை விடுமுறையில் இரு வாரங்கள் விண்வெளி மையங்களில் தங்கிப் பயிலும் முகாமாகும். பயணம், தங்குமிடம், உணவு ஆகிய செலவுகளை இஸ்ரோவே ஏற்கிறது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில், மாணவரைத் தேர்ந்தெடுப்பதற்கான மதிப்பீட்டில் 8ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதமும், ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்போருக்கு 15 சதவீதமும் ஒதுக்கப்பட்டிருந்தன. கிராமத்துப் பள்ளியில் படிப்பது இங்கே ஒரு கூடுதல் பலம் என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. பிப்ரவரியிலிருந்தே இஸ்ரோவின் இணையதளத்தைப் பார்த்து வருவதோடு, மதிப்பெண் பட்டியலையும் அறிவியல் கண்காட்சிச் சான்றிதழ்களையும் முன்னரே எடுத்து வைத்திருங்கள். தேர்வு செய்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

தேர்வே தேவைப்படாத வாய்ப்புகளும் உண்டு. பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் சேரலாம்: ஊசுட்டேரியிலோ ஊர் ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, பறவைக் குறிப்புகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். அடையாளம் தெரியாத பறவையை ஊகித்து எழுதுவதைவிட விட்டுவிடுவதே முறை. இப்படித் தொடர்ந்து எழுதப்படும் குறிப்பேடு, 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான ஆய்வாக வளரக்கூடும். 10 முதல் 17 வயது வரையிலானோர் தம் ஊர்ச் சிக்கலை ஆராய்ந்து தாய்மொழியில் முன்வைக்கும் அம்மாநாட்டைத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுச்சேரியில் புதுவை அறிவியல் இயக்கமும் நடத்தி வந்திருக்கின்றன. புதுவைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்வதையும் வடக்கே கரை அரிக்கப்படுவதையும் மாதந்தோறும் ஒரே இடத்தில் அளந்தாலே நல்ல ஆய்வுப் பொருள் கிடைத்துவிடும். அளவு நாடாவும் பெரியவர் ஒருவரின் துணையும் இருந்தால் போதும்.

ஆய்வகம் இல்லாத பள்ளிகளின் மாணவர்கள் ஃபெட் (PhET) இணையதளத்தின் இலவச உருவகச் சோதனைகளை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளைக் கைப்பேசியிலேயே செய்து பார்க்கலாம். அவற்றில் பல தமிழிலும் உள்ளன.

பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களைப் பார்க்க, பெற்றோரின் வேண்டுகோளைவிடப் பள்ளியின் கடிதமே எடுபடும். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டிச் செல்ல விரும்பினால் ஜனவரித் தொடக்கத்திலேயே வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, உடன்வரும் ஆசிரியர் பெயர், வர விரும்பும் இரண்டு மாற்று நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புமாறு தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.