கைப்பட்டை காட்டிய 33 டிகிரி

வெயிலில் பல மணி நேரம் வேலை செய்யும் நான், மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை காட்டும் வெப்பநிலையை நம்பியே எப்போது ஓய்வெடுப்பது என்று முடிவு செய்து வந்தேன். ஒரு நண்பகலில் தலை சுற்றி, கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடித்தபோதும் அது 33 டிகிரி செல்சியஸ் என்றே காட்டியது. கருவியில் பழுது இல்லை. அது அளந்தது தோலின் வெப்பத்தை. வியர்வை ஆவியாகித் தோல் குளிரும் அதே நேரத்தில் உள்ளுடல் சூடேறிக்கொண்டிருக்கலாம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன்பின் மார்பில் கட்டும் இதயத்துடிப்பு உணரிக்கு மாறினேன். உடல் சூடேறும்போது, வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. இந்தத் தொடர்பைக் கொண்டு, நிமிடந்தோறும் பதிவாகும் துடிப்பிலிருந்து உள்ளுடல் வெப்பநிலையைக் கால்மன் வடிகட்டி என்னும் கணக்கு முறையால் மதிப்பிடலாம் என்று அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் 2013இல் காட்டியிருந்தனர். அம்முறையில் இயங்கும் சிறு செயலியை எழுதி, மதிப்பீடு 38.5 டிகிரியைத் தொட்டதும் கைப்பேசி அதிரும்படி அமைத்தேன். தொடக்கத்தில் பதிவுகள் தாறுமாறாக இருந்தன. மின்முனைகளை நீரில் நனைத்து, பட்டையைச் சற்று இறுக்கிக் கட்டியதும் சீராகின.

இது மதிப்பீடுதான், நேரடி அளவீடு அன்று. பதற்றமும் துடிப்பை உயர்த்தும். ஆகவே அதிர்வு வராமல் தலை சுற்றினாலும் நிழலுக்குப் போய்விடுகிறேன். எவருக்கேனும் பேச்சு குழறினால், எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே குளிர்ந்த நீரால் உடலை நனைத்து மருத்துவ உதவியை அழைக்க வேண்டும் என்று உடன் வேலை செய்வோர் அனைவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.