குழந்தைகளோடு ஜப்பானில் வெளியே சாப்பிட: முதலில் இடம், அப்புறம் மெனு

தோக்கியோவுக்குப் புதிதாகக் குடிவரும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் கடையில் ருசி நன்றாக இருக்கும் என்றுதான். வீட்டில் ஐந்து வயதில் ஒருவனும் ஒன்றரை வயதில் ஒருத்தியும் இருக்கும் எனக்கு அது இரண்டாவது கேள்வி. எந்த நேரத்துக்குப் போகிறோம், எங்கே உட்காருகிறோம் என்பதைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மதியம் 12 முதல் 1 வரை ஆபீஸ் கூட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் தள்ளுவண்டியோடு போய் நிற்காதீர்கள். 11 மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். 2, 2.30 ஆனால் பல சின்னக் கடைகள் ஆர்டரை முடித்துவிட்டு மாலை 5 மணி வரை மூடிவிடும். அந்த இடைவெளியில் பிள்ளைக்குப் பசித்தால் ஃபாமிரெஸ்தான் கதி. கஸ்தோ, சாய்செரியா, ராயல் ஹோஸ்ட் மாதிரியான ஃபேமிலி ரெஸ்டாரன்ட்களை இங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். குழந்தை நாற்காலி, சின்னத் தட்டு, முள்கரண்டி எல்லாம் இருக்கும். கூப்பிட மேஜையிலேயே பொத்தான் இருக்கும். சாய்செரியாவின் குழந்தைகள் மெனுவில் இரண்டு படங்களுக்கிடையே பத்து வித்தியாசம் கண்டுபிடிக்கும் புதிர் உண்டு. பெயருக்குத்தான் குழந்தைகள் புதிர், பெரியவர்களுக்கே ஒன்பதுக்கு மேல் நகராது. சாப்பாடு வரும்வரை போனை வெளியே எடுக்காமல் சமாளிக்க எனக்கு அதுவே போதும்.

கூட்டமாக இருந்தால் வாசலில் பெயர்ப் பட்டியல் இருக்கும், இல்லையென்றால் டோக்கன் மெஷின். பட்டியலில் கதகனாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தில், எழுத வேண்டும். நம் பெயரை முழுசாக எழுதிவிட்டு அவர்கள் திணறுவதைப் பார்க்க வேண்டாம், நான் வீட்டுக்காரர் பெயரில் பாதியோடு நிறுத்திவிடுவேன். ஆள் கணக்கு சொல்லும்போது “ஒதோனா ஃபுதாரி, கொதோமோ ஃபுதாரி” என்று பெரியவர் இரண்டு, குழந்தை இரண்டு எனப் பிரித்துச் சொல்லுங்கள். குழந்தை நாற்காலியைக் கேட்காமலே கொண்டுவருவார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் தாதாமி (கோரைப்பாய்) மேடை கிடைத்தால் விடாதீர்கள், சின்னவள் தூங்கினால் பக்கத்திலேயே படுக்க வைக்கலாம். ஆனால் மேஜைக்கடியில் கால் தொங்கப் போடுகிற பள்ளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவழும் குழந்தை நேராக அதில்தான் போய் விழும்.

சுழலும் பெல்ட் சூஷிக் கடைகளைச் சைவக்காரர்கள் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. வெள்ளரிக்காய் உருட்டிய கப்பா மாகி, புளிக்கவைத்த சோயா வைத்த நாத்தோ மாகி, உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே கிடைக்கும். தொடுதிரையை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். குரா சூஷி என்ற சங்கிலிக் கடையில் காலித் தட்டை மேஜையோரத் துளையில் போட, ஐந்து தட்டுக்கு ஒருமுறை திரையில் ஒரு விளையாட்டு வரும். ஜெயித்தால் மேலேயிருந்து ஒரு உருண்டைக்குள் சின்னப் பொம்மை விழும். பெரியவன் அதற்காகவே வேண்டாத வெள்ளரிக்காயையும் முழுங்கிவிடுவான்.

ஒன்றில் மட்டும் கவனம். மேஜை மட்டத்தில் சுவரோரமாக ஒரு கருப்புப் பொத்தானும் அதன்கீழ் சின்னக் குழாயும் இருக்கும். கை கழுவ என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அது கிரீன் டீ கலக்கிக்கொள்ளும் கொதிநீர். கோப்பையால் பொத்தானை அழுத்தினால் உடனே கொட்டும். அதனால் அந்தப் பக்கம் எப்போதும் பெரியவர்தான் உட்கார வேண்டும். கை துடைக்கத் தனியாக ஈரத்துண்டு தருவார்கள்.

சைவம் என்றால் இறைச்சி இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உதோன் என்ற கோதுமை நூடுல்ஸின் சாறு, சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், இனிப்பு முட்டைச் சுருள் என எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கலாம். “கட்சுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா?” (கட்சுவோ மீன் சாறு சேர்ந்திருக்கிறதா?) என்று நேராகவே கேளுங்கள். அலர்ஜி உள்ள பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. பாக்கெட் உணவில் முட்டை, பால், கோதுமை, சோபா (நூடுல்ஸ் செய்யும் பக்வீட் தானியம்), வேர்க்கடலை போன்றவற்றை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம், ஹோட்டலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய சங்கிலிக் கடைகள் தாங்களாகவே அட்டவணை வைத்திருக்கின்றன. சோபா ஆகாத பிள்ளைக்கு உதோன் வாங்கும் முன், இரண்டையும் ஒரே தண்ணீரில் வேகவைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். பல கடைகளில் அப்படித்தான்.

2020 ஏப்ரல் முதல் கடைக்குள் புகைப்பதற்குத் தடை. சில சின்னப் பழைய கடைகளுக்கு மட்டும் விலக்கு, அங்கே வாசலில் புகைக்கலாம் என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும். இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அங்கே நுழையவே கூடாது, குழந்தையோடு எட்டிப் பார்க்கவும் வேண்டாம். மற்ற இசகாயாக்களுக்கு, அதாவது மதுவோடு சாப்பாடும் தரும் கடைகளுக்கு, மாலை 5 மணிக்கே போனால் தாராளமாகச் சாப்பிட்டு வரலாம். கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தொடுகறி வரும், அதற்குத் தலைக்கு இத்தனை யென் என்று பில்லில் ஏறும். சண்டை போடாதீர்கள், வழக்கம் அது.

வரவேற்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. சூப் ஸ்டாக் தோக்கியோ என்ற சூப் சங்கிலிக் கடை 2023 ஏப்ரலில் எல்லாக் கிளைகளிலும் குழந்தை உணவை இலவசமாகத் தருவதாக அறிவித்தபோது, தனியாக வந்து அமைதியாகச் சாப்பிடும் வாடிக்கையாளர்கள் சிலர் இணையத்தில் பொரிந்து தள்ளினார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் எட்டு ஸ்டூல் மட்டும் போட்ட ராமென் கடைக்கு நான் குழந்தைகளைக் கூட்டிப் போவதில்லை. அதற்குப் பதில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் மேல்மாடி உணவகங்கள் இருக்கின்றன. டயபர் மாற்றும் அறை பெரும்பாலும் அதே கட்டடத்தில் இருக்கும். சோற்றுக் குன்றில் குட்டிக் கொடி நட்ட குழந்தைகள் சாப்பாடு பிறந்ததே 1930-இல், தோக்கியோவின் நிஹோன்பாஷியில் உள்ள மிட்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோரின் உணவகத்தில்தான். சைவப் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு ஆகாது, என் மகன் கொடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வான்.

மிச்சத்தைப் பார்சல் கேட்டால் பல கடைகளில் மறுப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகவே ஆர்டர் செய்யுங்கள். கிளம்பும் முன் நாற்காலிக்கடியில் சிந்திய சோற்றைத் திரட்டித் தட்டில் போட்டுவிடுங்கள். பணம் வாசலருகே கவுன்டரில் கட்ட வேண்டும், டிப்ஸ் கிடையாது. ஒருவர் பில்லை எடுத்துக்கொண்டு முன்னால் போகட்டும், இன்னொருவர் அதற்குள் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிடலாம்.